புகைக்கொட்டகை இருமல்

குனோங் ராபாட்டில் இருக்கும் நம் தோழியைப் பார்க்க ஏன் யாரும் போவதில்லை என்று போன வெள்ளிக்கிழமை கோயிலில் கேட்டேன். ஒருத்தி மணியைப் பார்த்தாள், ஒருத்தி செருப்பைத் தேடினாள். கடைசியில் ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம்லா. ஒட்டிக்கும்னு சொல்றாங்க. நம்ம வீட்டுல பேரப்பிள்ளைங்க இருக்கு, என்னா செய்றது?" நம் எல்லோருக்கும் எழுபதைத் தொடுகிற வயது. தினமும் விடிந்ததும் கைப்பேசியில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பத் தெரிகிறது. ஒரு சீக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் தெரியவில்லை.

நம் தோழிக்கு இருதயம் பலவீனம். அதனால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தது. ஊசி வைத்து எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான். அந்த நீர் யாருக்கும் ஒட்டாது. நீர் எப்போதுமே ஒட்டாது. அந்த நீரை உள்ளே கொண்டுவந்தது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில காரணங்கள் ஒட்டும், பல காரணங்கள் ஒட்டாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பத்து வயதில், வெளியே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறைக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இவ்வளவு நாள் உங்களோடு கூடிக் குலாவியும் இதைச் சொன்னதில்லை. நான் செய்த காரியம் ஒன்றும் அதில் இருப்பதால் சொல்லவில்லை.

நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இன்று போனால் அடையாளம் தெரியாது, வரிசை வரிசையாகத் தாமான் குடியிருப்பு வீடுகள். அன்று லயத்து வீடு என்றால் முன்னால் ஒரு கூடம், நடுவே ஓர் அறை, பின்னால் குசினி. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். தம்பி கைக்குழந்தை. அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் விட்டுவிட்டுப் போனதால் எங்களோடு இருந்தாள். அவளுக்குப் புகைக்கொட்டகையில் வேலை. ரப்பர் பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, கம்புகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் காயவைப்பார்களே, அந்த இடம். அவள் சேலையில், முடியில், அவள் பிசைந்து தரும் சோற்றில்கூட அந்தப் புளித்த புகை வாசம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அவள் மடியில் தலை வைத்துப் படுத்தால், அவள் இருமும்போது என் தலையும் சேர்ந்து குலுங்கும். அது எனக்கு ஒரு விளையாட்டு.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். அப்போதுதான் எனக்கு விலாவில் குத்தல் வந்தது. முதலில் ஓடினால் மட்டும் வலித்தது, பிறகு சிரித்தாலே வலித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். மூச்சை இழுத்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் மட்டும் கொஞ்சம் தேவலை.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்குப் போனார். அதைப் பார்த்துக்கொண்ட டிரெஸர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. என் முதுகில் ஒரு விரலை வைத்து, அதன் மேல் இன்னொரு விரலால் தட்டினார். மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"கேட்டியளோ? இதுக்கு மேல சத்தம் வருது, இதுக்குக் கீழ அடைச்சுப் போச்சு. பிள்ளைக்கு நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டியிருக்கு. இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

அப்பாவுக்கு டாக்டர் பாஷை தெரியாது. இந்தப் பாஷை தெரியும். ஸ்டோரில் பால் ஊற்றிவைத்த பெரிய தோம்பைத் தூக்குவதற்கு முன்னால் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். மூடியைத் திறக்கவே மாட்டார். "அப்ப இவ்வளவு ஒசரத்துக்கா நிக்குது?" என்று என் முதுகில் கை வைத்துக் கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி குனிந்து உட்காரச் சொல்லி, முதுகில் ஊசி இறக்கினார்கள். தேயிலைத் தண்ணீரை இரண்டாம் முறை வடிகட்டினால் வருமே ஒரு மஞ்சள், அந்த நிறத்தில் போத்தலில் நீர் இறங்கியது. அந்தப் போத்தலை நான் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு டாக்டர் ஏதோ கேட்டார், பக்கத்தில் நின்ற உதவியாளர் தமிழில் சொன்னார். "வீட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

அப்பா யோசித்தார். நன்றாகவே யோசித்தார். "இல்லைங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். புகைக்கொட்டகையில் வேலை செய்கிற எல்லோருமே இருமினார்கள். அங்கே இருமாதவர்தான் அதிசயம். அதற்குப் 'புகை இருமல்' என்று பெயர்கூட இருந்தது. அதை யாரும் நோய்க் கணக்கில் சேர்த்ததே இல்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்கும் அத்தையின் நினைவு வரவில்லை. எனக்கு வந்தது காசநோயால் வந்த நீர் என்றும், வீட்டில் எல்லோரும் வந்து நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அப்பா தலையாட்டினார். மழை ஓயட்டும் என்று தள்ளிப் போட்டார்.

நான் திரும்பி வருவதற்குள் லயம் முழுக்கச் செய்தி வந்துவிட்டது. "தண்ணிச் சீக்கு, மூச்சுக் காத்துலயே ஒட்டும்" என்றார்கள். என் மாதிரி நுரையீரலுக்கு வெளியே நீர் கட்டிய, இருமலே இல்லாத பிள்ளையிடமிருந்து பிறருக்கு ஒட்டுவது அபூர்வம் என்று டிரெஸர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? அம்மாவுக்குக் கைக்குழந்தை. நடு அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் நான் தம்பியைத் தூக்க வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா அழுதுகொண்டே அப்பாவிடம் சொல்லிக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் போட வைத்தாள்.

எனக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை. ஜன்னலைச் சாத்திச் சாக்குத் துணி அடைத்தார்கள், குளிர்காற்று நெஞ்சில் இறங்கிவிடுமாம். தினமும் ஊசி போட வரும் டிரெஸர் சாக்கைப் பிடுங்கி எறிவார். "காத்து வரட்டும், வெளிச்சம் வரட்டும், இதுவும் மருந்துதான்" என்பார். அவர் சைக்கிள் மூலை திரும்பியதும் அம்மா திரும்ப அடைத்துவிடுவாள். இன்னொன்றும் செய்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுக்கமாட்டாள். "உள்ள இருக்குற தண்ணியே எறங்கல, இன்னும் ஊத்தணுமா?" என்பாள். வேளைக்கு அரைக் குவளைதான். தகரக் கூரை மேல் நாள் முழுக்க மழை கொட்டும், நான் நாக்கு வறண்டு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அம்மா மேல் அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த அறையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பலகைச் சுவரில் எத்தனை மரக்கணுக்கள் என்று எண்ணினேன். கதவுக்கடியில் ஓர் இடுக்கு இருந்தது. தம்பி தவழ்ந்து வந்து அதில் விரல்களை நுழைப்பான். நான் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்த விரல்களைப் பார்ப்பேன், தொடமாட்டேன். அம்மா ஓடி வந்து அவனைத் தூக்கிப் போவாள். அவன் அழுகிற சத்தம் குசினி வரைக்கும் போகும்.

எனக்கு யார் சோறு கொடுப்பது, யார் கூடப் படுப்பது என்று பேச்சு வந்தபோது அத்தைதான் முன்னால் வந்தாள். "நான் உள்ள போறேன் அண்ணி. என்னைய எந்தச் சீக்கும் அண்டாது" என்றாள். லயத்தில் அவளைப் புகழாதவர் இல்லை. பெற்றவளே பயப்படும்போது அத்தைக்காரி உள்ளே போனாளே என்றார்கள். அப்பா அவளுக்காகச் சந்தையிலிருந்து ஆரஞ்சு வாங்கி வந்தார். நானும்தான் சந்தோஷப்பட்டேன். பின்னால்தான் தெரிந்தது. ஒட்டாத என்னைப் பூட்டினார்கள். ஒட்டக்கூடியவளை வெளியே விட்டு, போகவும் வரவும் அவளுக்கு மட்டும் தாழ்ப்பாளைத் திறந்தார்கள்.

நீல விளிம்பு போட்ட மங்குக் கோப்பை ஒன்று அத்தையிடம் இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். "குடி மருமவளே. மடக்கு மடக்குன்னு சத்தம் போடாத, ஒங்கம்மா காதுல விழுந்துரும்." அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி என் தொண்டையில் இன்னும் இருக்கிறது. அவள் மட்டும் இல்லையென்றால் அந்த அறையில் எனக்குப் பைத்தியம் பிடித்துத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பார்கள்.

சாயங்காலம் அப்பா வருவார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலருகே என்னைத் திரும்பி உட்காரச் சொல்வார். விரல் முட்டியால் முதுகைத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் அடைக்கிற இடத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போடுவார். "நேத்தைக்கு இப்ப ஒரு விரக்கட எறங்கிருக்கு அம்மாடி" என்பார். டிரெஸர் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் தானும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பர் சொன்னது சரிதான்" என்பார்.

ஒரு நண்பகல். நல்ல மழை. அத்தை எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது, வழக்கத்தை விட நீளமாக. முந்தானையால் வாயைப் பொத்தினாள். எடுத்தபோது அதில் ரத்தம். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள்.

"வெத்தலைச் சாறு" என்றாள்.

"நீ இன்னைக்கு வெத்தல போடலயே அத்த."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மருமவளே, யாருட்டயும் சொல்லிறாத. தெரிஞ்சா வேலய விட்டு நிப்பாட்டிருவாங்க. ஒங்கப்பா வீட்ட விட்டா நான் எங்க போவேன் சொல்லு. அப்புறம் இந்த ரூமுக்குள்ள ஒங்கூட யாரு இருப்பா?"

நான் சத்தியம் செய்தேன். அவளுக்காக மட்டும் செய்ததாகச் சொன்னால் அது பொய். அவள் போய்விட்டால் அந்த அறையில் நான் தனியாகக் கிடக்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விதான் என் வாயைக் கட்டியது.

அதன் பிறகு அறை இன்னும் சிறியதாகிவிட்டது. அவள் வெளியே போய்த் தம்பியைக் கொஞ்சுகிற சத்தம் கேட்கும். அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து "ஆனை ஆனை" என்று ஆட்டுவாள், நடுவில் இருமுவாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு இருமலையும் எண்ணுவேன். டிரெஸர் ஊசி போட வரும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வரும். அவர் வரும் நேரத்தில் அத்தை புகைக்கொட்டகையில் இருப்பாள், நான் சொன்னால் அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இருந்தும் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. அப்பா என் முதுகில் கோடு போட்டுக்கொண்டே, "ஒங்கத்தைக்கு நாம கோயில் கட்டிக் கும்பிடணும்" என்றார்.

கடைசியில் ஒரு நாள் டிரெஸர் என் முதுகை மேலிருந்து கீழ் வரை தட்டிவிட்டு எழுந்தார். "தண்ணி இல்ல. மருந்தை மட்டும் விடாமல் குடுங்கோ. இனியாவது பிள்ளையை வெளிய விடுங்கோ." அவர் போனதும் அம்மா தாழ்ப்பாளை முழுதாகத் திறந்து கதவை விரித்து வைத்தாள். நான் கூடத்துக்கு வந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. அப்பா சிரித்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அத்தை அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். எல்லோரையும் விட அவளுக்குத்தான் சந்தோஷம். "ஏய் பயலே, ஒங்கக்கா வெளிய வந்துட்டா பாருடா" என்று தொட்டிலிலிருந்து தம்பியை வாரி எடுத்து, அவன் முகத்தைத் தன் முகத்தோடு சேர்த்தாள்.

"அத்தைக்கிட்ட குடுக்காதீங்க!" என்று கத்தினேன். "அத்த ரத்தமா துப்புது! தம்பிய வாங்குங்க!"

அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். தம்பியை மெதுவாகப் பாயில் படுக்க வைத்தாள், அவன் சட்டையை இழுத்து விட்டாள், எழுந்து பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள்.

அப்பா அவள் பின்னாலேயே போனார். "எப்பருந்து?" என்று கேட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னால இருந்தே இருக்குண்ணே. பொகைன்னுதான் நெனச்சேன். ரத்தம் இப்பத்தான்."

அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதே விரல் முட்டியால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார், திரும்பத் திரும்ப.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லோரியில் அத்தையை ஏற்றினார்கள். ஒரு மூட்டைதான். லோரி கிளம்பும்போது அவள் தலையைக் குனிந்தே இருந்தாள், நானும் வாசலுக்குப் போகவில்லை. அந்த வாரமே எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தம்பிக்கு மட்டும் கொஞ்ச காலம் மாத்திரை கொடுத்தார்கள். இன்று அவன் கோலாலம்பூரில் தொப்பையோடு இருக்கிறான், அவனுக்கு இது எதுவும் நினைவில்லை. அத்தையின் பாய், சீப்பு, மூடிக்கு உள்புறம் கண்ணாடி பதித்த தகரப் பெட்டி எல்லாவற்றையும் அம்மா கொல்லையில் போட்டு எரித்தாள். நீல விளிம்பு மங்கு எரியவில்லை. அதைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடைக்கு அப்பால் எறிந்தாள். சாமான்களில் ஒன்றும் ஒட்டாது, அவள் இருமிய காற்றில்தான் இருந்தது என்று டிரெஸர் சொல்லிப் பார்த்தார்.

ஒன்றரை வருடம் கழித்து அத்தை வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புகை வாசம் இல்லை, இருமலும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை, படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். யாரும் வரச் சொல்லவும் இல்லை.

"நல்லாயிருச்சு அண்ணி. இனிமே யாருக்கும் ஒட்டாதாம். டாக்டர் கடுதாசி குடுத்துருக்காரு" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கோப்பி கொண்டுவந்தாள், காலியான பால் டின்னில். எட்டி நின்று அதைப் படியில் வைத்தாள்.

அவள் வீடு முழுக்க இருமிக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் தட்டில் சோறு. குணமாகி வந்த அன்று பால் டின்னில் கோப்பி.

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உதறியிருந்தால் வந்திருக்கும், அப்படியொன்றும் இரும்புப் பிடி இல்லை. நான் உதறவில்லை. அத்தை கோப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"தண்ணி நல்லாக் குடிக்கிறியா மருமவளே?"

நான் தலையாட்டினேன். அவள் குழாயடியில் டின்னைக் கழுவி, படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கமுந்திங் பக்கம் யாரோ ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்து, வயதாகித்தான் செத்தாள். எங்கள் வீட்டுப் படியை அவள் மறுபடி மிதிக்கவே இல்லை. நான் கத்தியது சரி என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், எனக்கும் தெரியும். கத்துவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது தப்பு. அன்று கையை உதறாமல் நின்றது அதைவிடப் பெரிய தப்பு. அந்த அறையின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள், அந்தப் படியை விட்டு மட்டும் நான் இன்னும் வெளியே வரவில்லை.

நேற்று குனோங் ராபாட்டுக்குப் போனேன். தோழி எனக்குக் கண்ணாடி கிளாஸில் தேநீர் போட்டாள், தனக்குக் காகிதக் கோப்பையில் ஊற்றிக்கொண்டாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லல. நானாத்தான். எதுக்கு வம்பு லா" என்றாள். அவள் கோப்பையை வாங்கி நான் குடித்தேன். அவள் அழுதாள். இனி நீங்களும் போவீர்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் இதை நான் எழுதியது அவளுக்காக மட்டும் இல்லை. நம் வெள்ளிக்கிழமை பஜனையில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிற அக்கா, உங்களுக்காகத்தான் இவ்வளவும். இரண்டு மாதமாக நீங்கள் பாட்டுக்கு நடுவே இருமுகிறீர்கள். சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. நாங்கள் எல்லோரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டு, நீரை எடுத்துவிட்டு வீட்டில் கிடப்பவளைப் பார்த்துப் பயப்படுகிறோம். வெறும் சளியாகவே இருக்கலாம், இருந்தால் சந்தோஷம். திங்கட்கிழமை காலையில் காடியை ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். மூன்று வாரம் பொறுக்கமாட்டேன். கிளினிக்குக்குப் போவோம், சளியையும் நெஞ்சையும் பார்க்கட்டும். ஏதாவது இருந்தால் மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்கிற அன்று நேராக என் வீட்டுக்கு வாருங்கள், அக்கா. படியில் நிற்காதீர்கள். கோப்பி நான் குடிக்கிற கோப்பையில்தான் தருவேன்.